உடையவர் கொடுத்தால் அன்றோ கொடை!

சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. பெயர் தெரியவில்லையே என்று அவர்கள் வாளா இருந்துவிடவில்லை. பாடலுள் ஒளிர்ந்த ஓர் அருந்தொடரை எடுத்து, அதனையே ஆசிரியர்க்குப் பெயராகச் சூட்டி வைத்தனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் இவ்வாறு வந்தவை. ஒரு பாடல் இருக்குமானால் அதனைப் பாடிய ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவரை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் கைக்கொள்ளுதல் முறையன்று என்னும் நெறி அவர்கள் உள்ளத்தில் ஊறியிருந்தது. நன்னூலாரும் சிறப்புப்பாயிரத்துக்கு உரிய செய்திகளை அடுக்குங்கால் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார். நூல் வந்த வழியை அதன் அருகே வைத்தார்.

இந்நெறி நம்முடையதே என்று வகுப்பறையில் பெருமையோடு கூறுகின்றோம். ஆயின் இன்று ஒரு நிழற்படத்தை இணையத்தில் கண்டவுடன் அதனை எடுத்து வேறோரிடத்தில் இடும்போது, எடுத்தவர் யார், வந்த வழி யாது என்று கேட்கின்றோமா? இவ்வினாவை நம் துறைக்குக் கட்டாயமாக்கிய பட்டறிவு ஒன்றை இம்மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

பொதுவகம் என்னும் களஞ்சியம்

விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் அரும்பியது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து கூடி எழுதுவது இது என்பதை மாணவர் அறிவர். தொடக்கத்தில் ஒவ்வொரு மொழியினரும் தத்தம் களஞ்சியத்தில் தனித்தனியே படங்களைச் சேமித்து வந்தனர். ஒரே படம் பத்து மொழிகளுக்குப் பத்து முறை ஏற்றப்பட வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க எரிக் மோலர் என்னும் செருமானியர் 2004 மார்ச்சில் ஒரு பொதுக் களஞ்சியத்தை முன்மொழிந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் விக்கிமீடியா பொதுவகம் பிறந்தது. இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. அங்கே ஒருமுறை ஏற்றப்பட்ட படத்தைத் தமிழ்க் கட்டுரையும் அரபுக் கட்டுரையும் மலையாளக் கட்டுரையும் ஒருசேர எடுத்தாளலாம்.

ஊர்ப் பொதுக்கிணறு போன்றது அது. பொதுக்கிணற்றில் ஒருவர் தூய்மையற்ற வாளியை இறக்கினால் ஊர் முழுவதும் துன்புறும் அல்லவா? பொதுவகத்தில் உரிமையில்லாப் படம் ஒன்று புகுந்தால், அதனை நம்பி எடுத்தாண்ட அத்தனை மொழிகளும் இடர்ப்படும். அது நீக்கப்படும் நாளில் அத்தனை கட்டுரைகளிலும் ஒரே நொடியில் வெற்றிடம் தோன்றும். ஆதலின் அங்கே விதி கடுமையானது. படம் பிறந்த நாட்டின் சட்டத்தாலும், பொதுவகத்தின் கணிப்பொறிகள் இயங்கும் அமெரிக்க நாட்டின் சட்டத்தாலும் அது கட்டற்றதாக இருத்தல் வேண்டும். எவரும், எப்பயனுக்கும், வணிகத்துக்குங்கூட, மாற்றியமைத்தும் பயன்படுத்த இசைவு இருத்தல் வேண்டும். 'உரியவர் யாரென்று தெரியாது, எவரும் வழக்குத் தொடரப்போவதில்லை' என்னும் வாதம் அங்கே செல்லாது. ஐயம் வலுவாயின் படம் நீங்கும்.

நாற்பது படங்களும் ஒரு சல்லடையும்

தமிழ்ப் புலவர்கள், இதழாசிரியர்கள், நூல்கள் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பலவற்றில் படமில்லாக் குறையைக் கண்டு, நம் துறை மாணவர் அறுவர் படம் திரட்ட முனைந்தனர். ஒரு திங்களில் நாற்பது படங்கள் சேர்ந்தன. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்து, ஒரு மாலை நேரம் முழுவதும் துறை நூலகத்தில் அமர்ந்தோம். வகுப்பில் கற்பிக்க இயலாத பாடமொன்றை அம்மாலை கற்பித்தது.

முதலில் வந்தது திருவள்ளுவர் ஓவியம். குறள் ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையதென்று போற்றப்படுவது; அதற்கு எவரும் உரிமை கோரார். ஆனால் நாம் எல்லாரும் அறிந்த அந்தத் திருவுருவம் 20ஆம் நூற்றாண்டில் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. குறளின் தொன்மை ஓவியத்துக்கு வாராது. ஓவியத்தின் உரிமை தனியே ஆராயப்பட வேண்டியது. அதனை ஒதுக்கி வைத்தோம்.

அடுத்து வந்தது கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலை. கணபதி ஸ்தபதியின் கைவண்ணத்தில் உருவாகி 2000 சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட அச்சிலை, ஓவியத்தினும் இளையது. ஆயினும் அது தடையின்றித் தேறியது! காரணம், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், பொதுவிடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடலாம் என்று இசைவளிக்கின்றது. மாணவர் ஒருவர் தம் கைப்பேசியால் எடுத்த படம் அது. எடுத்தவர் உரிமையும் அவரிடமே இருந்தது. இச்சலுகை எல்லா நாட்டிலும் இல்லை. பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைத் தனிப்பொருளாக எடுத்த படங்களைப் பொதுவகம் ஏற்பதில்லை. அதனை வடிவமைத்த ஐ. எம். பெய் 2019இல்தான் மறைந்தார். பிரெஞ்சுச் சட்டம் தரும் விலக்கோ வணிகப் பயனுக்கு இடந்தருவதன்று. நம் நாட்டிலும் சலுகை சிற்பத்துக்கும் கட்டடத்துக்குமே அன்றிச் சுவரொட்டிக்கும் சுவரோவியத்துக்கும் நீளவில்லை. ஆகவே ஒரு புலவரின் உருவம் தீட்டிய விழாப் பதாகையைப் படமெடுத்து வந்த மாணவரின் உழைப்பு வீணாயிற்று.

நாளிதழ்களிலிருந்து எடுத்தவை பன்னிரண்டு. அவற்றைப் பேச்சின்றி நீக்கினோம். 'இப்படத்தில் உரிமைக் குறி எதுவும் இல்லையே' என்று ஒருவர் வாதிட்டார். உரிமைக் குறி இட்டால்தான் உரிமை என்பது பலர் கொண்டுள்ள மயக்கம். பெர்ன் உடன்படிக்கையின் வழிச் செல்லும் நாடுகளில், படைப்பு உருப்பெற்ற பொழுதே உரிமையும் உடன்பிறக்கின்றது. பதிவும் வேண்டா, குறியும் வேண்டா. 'அரசு வெளியிட்ட படம் மக்கள் பணத்தில் எடுத்ததுதானே' என்றார் மற்றொருவர். அமெரிக்க நடுவணரசின் ஊழியர் பணியின்போது எடுத்தவை அந்நாட்டில் பொதுச்சொத்து. அதனால்தான் நாசாவின் நிலவுப் படங்களை எவரும் அச்சிடுகின்றனர். நம் நாட்டுச் சட்டமோ அரசுப் படைப்புக்கும் வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை வழங்குகின்றது.

நூல் அட்டைகள் ஒன்பது இருந்தன. அவற்றைப் பொதுவகம் ஏற்காது. ஆனால் அந்தந்த மொழி விக்கிப்பீடியா தனக்கென விலக்குக் கொள்கை வகுத்துக்கொண்டு, இன்றியமையா இடத்தில் மட்டும் இத்தகைய படங்களைத் தன்னகத்தே வைக்கலாம் என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2007 மார்ச்சில் விதித்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'நியாயப் பயன்பாடு' என்னும் பெயரில், சிறிய அளவில், காரணம் எழுதி, அந்நூல் பற்றிய கட்டுரைக்கு மட்டும் அவற்றை இடலாம். பிற மொழிகளுக்கு அவை செல்லா. பொதுக்கிணறு வேறு, வீட்டுக் குடம் வேறு என்று மாணவர்க்கு விளங்கிற்று.

சல்லடையில் பொதுவகத்துக்கென எஞ்சியவை ஒன்பதே. மாணவர் முகம் வாடியதை மறைப்பதற்கில்லை.

உரிமைக்கும் ஓர் எல்லை

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். பதிப்புரிமை என்பது முடிவிலாக் காவல் அன்று. இங்கிலாந்தில் 1710இல் எழுந்த சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டும், ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டும் உரிமை தந்தது. உழைத்தவர்க்குப் பயன் கிட்டுதல் வேண்டும். பின்னர் உலகுக்குப் பயன்படுதல் வேண்டும் என்பதே கருத்து. நம் நாட்டில் ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் என்றிருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் படைப்புகள் 1991 முடிவோடு உரிமை இழக்க இருந்த நிலையில் அது 60 ஆண்டாக நீட்டப்பட்டது. 1960இல் மறைந்த ஒருவரின் எழுத்து 2021 சனவரி முதல் நாளில் பொதுச்சொத்தாயிற்று என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

காலம் கனியும் முன்னரே கொடையால் பொதுவாவதும் உண்டு. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது தமிழர் அறிந்த வரலாறு. பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார், அதனைப் பொருள் பெறாமலே அரசுக்கு ஈந்தார். உடையவர் கொடுத்தார், நாடு பெற்றது. அதன் பின்னர் எத்தனையோ தமிழறிஞர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகையும் அளிக்கப்பட்டது. எழுத்து நாட்டுடைமையாவதால் எழுதியவரின் நிழற்படமும் நாட்டுடைமையாகிவிடாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஓர் அம்மையாரின் வினா

எஞ்சிய படங்களுள் ஒன்று எம் நெஞ்சை நீங்காதது. நம் வட்டாரத்தில் முப்பதாண்டு தமிழாசிரியராய் விளங்கிக் கவிதை நூல்கள் சிலவும் இயற்றிய பெரியவர் ஒருவரின் உருவம் அது. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவருடைய துணைவியார் வீட்டுச் சுவரில் இருந்த படத்தை மாணவர் நகலெடுத்து வந்திருந்தனர். 1972இல் நகரத்து நிழற்பட நிலையம் ஒன்றில் எடுத்தது. நிலையம் மூடப்பட்டுவிட்டது, எடுத்தவரும் இல்லை. உரிமை யாருடையது?

இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. வேறு உடன்பாடு இல்லாதபோது, பொருள் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. படத்தின் பின்புறம் நிலையத்தின் முத்திரையும், பணம் பெற்றுக்கொண்டதாக மையால் எழுதிய குறிப்பும் இருந்தன. ஆகவே உரிமை ஆசிரியருடையது. அவருக்குப்பின் அவர் வாரிசுகளுடையது. அம்மையாரும், மகளும், வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனும் ஒருங்கே இசைந்தால் படத்தைப் பொதுவகத்துக்கு அளிக்கலாம்.

மாணவர் இருவரோடு அம்மையாரைக் காணச் சென்றோம். படத்தின் கீழ் உரிய பெயர் குறிக்கப்படும், மாற்றியமைப்பவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று உரிமத்தின் பொருளை மாணவர் விளக்கினர். பொறுமையோடு கேட்டவர் ஒரு வினா எழுப்பினார்.

"தம்பி, யாரோ ஒருவன் இதை எடுத்துத் தன் கடைக்கு விளம்பரமாகப் போட்டால் உங்களால் தடுக்க முடியுமா?"

மாணவர் எம் முகத்தை நோக்கினார். உண்மையைக் கூறுக என்றோம்.

"பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது, அம்மா. உருவத்தை இழிவாகப் பயன்படுத்தினால் வேறு சட்டங்கள் உண்டு. ஆனால் வணிகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம்."

"பிறகு எனக்கு மனம் மாறினால்?"

"கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது, அம்மா."

அம்மையார் சுவரை நோக்கியபடியே நெடுநேரம் இருந்தார். பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். திரும்பும் வழியில் மாணவர் வருந்தினர். வணிகத்தைப் பற்றி அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது ஒருவர் கருத்து. நமக்கு அது உடன்பாடன்று. தாம் எதைக் கொடுக்கின்றோம் என்பதை அறியாதவரிடமிருந்து பெறுவது கொடையாகுமா? அறியாமையைப் பயன்படுத்திக் கவர்ந்ததாகவே முடியும். வள்ளுவர் கள்ளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது வழிப்பறியைக் கருதி மட்டுமன்று. உள்ளத்தால் நினைப்பதையும் அவர் விலக்கினார்.

வாரம் கழித்து அம்மையாரே அழைத்து அனுப்பினார். மேசைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று சுவரில் இருந்தது. மற்றொன்று மணமான ஆண்டில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. முதற்படத்தை எம் பக்கம் நகர்த்தினார். "அவர் பாடம் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். பார்க்கட்டும்" என்றார். இரண்டாவது படத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது வீட்டுக்கு" என்றார். மூவரின் இசைவும் மின்னஞ்சலில் தன்னார்வலர் குழுவுக்குச் சென்றது. சில வாரங்களில் அவர்கள் சரிபார்த்து, இசைவு பதியப்பெற்ற எண்ணைப் படத்தின் பக்கத்தில் பொறித்தனர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பர். அவ்வாசிரியரும் மறைந்தபின் கொடுத்தார், துணைவியார் கை வழியே. ஒன்று கொடுத்து ஒன்று வைத்துக்கொண்ட அந்த முடிவில் சட்டநூல் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

எதிர்வாதமும் விடையும்

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று கேட்பார் உளர். அவர் கூற்றிலும் பொருளுண்டு. செல்வ வளமுள்ள நாடுகளின் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தம் சேமிப்பை இலக்கக் கணக்கில் திறந்துவிட்டுள்ளன. அவர்தம் மொழிகள் படங்களால் பொலிகின்றன. தமிழ் அறிஞர் ஒருவர் பற்றிய கட்டுரையோ வெற்றுச் சட்டகத்தோடு நிற்கின்றது. விதி எல்லார்க்கும் ஒன்றாயினும் அதன் சுமை எல்லார்க்கும் ஒன்றன்று. பழைய நிழற்படம் ஒன்றுக்கு உரியவர் யாரெனக் கண்டறியவே இயலாதபோது, அப்படம் பெட்டிக்குள் செல்லரித்துப் போவதும் உண்டு. இவ்விழப்பு உண்மையானது, இதனைச் சட்டம் இயற்றுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வணிகத்தை மட்டுமாவது விலக்கலாகாதா என்பது அடுத்த வினா. எண்ணிப் பாருங்கள். விலைக்கு விற்கும் பாடநூல் வணிகம். விளம்பரம் தாங்கிய நாளிதழ் வணிகம். ஊர்க் கடைக்காரர்களின் விளம்பரங்களோடு வெளிவரும் கல்லூரி மலர்கூட வணிகமோ என்னும் ஐயம் எழும். வணிகத்தை விலக்கினால் நம் பிள்ளைகளின் பாடநூலுக்கும் கதவடைப்போம். நிபந்தனை மிகுந்த கொடை, பெறுவோர் கையில் அச்சத்தையே சேர்க்கும். ஐயமின்றி எடுத்தாளலாம் என்னும் உறுதியே பொதுவகத்தின் செல்வம். தொலைவிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் அங்கிருந்து ஒரு படத்தை எடுத்துத் தம் வினாத்தாளில் அச்சிடும்போது, யாரிடமிருந்தோ கடிதம் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவ்வுறுதியை அவருக்கு அளிப்பது, நம் நூலகத்தில் அன்று மாலை நீக்கப்பட்ட படங்கள் போன்றவைதாம்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

வெற்றுச் சட்டகத்தைக் கண்டு ஏங்குவதைவிட அதனை நிரப்பும் வழியை நாடுவோம். மறைந்தவர் படத்துக்காக வாரிசுகளைத் தேடி அலைகின்றோம். வாழ்கின்றவரைப் படமெடுக்க ஒரு நொடி போதும். உங்கள் கையிலுள்ள கைப்பேசியால் எடுத்த படத்துக்கு நீங்களே உடையவர். உங்கள் ஊரில் இன்றும் யாப்பிலக்கணம் சொல்லித்தரும் முதியவர் இருப்பார். சுவடி படிக்க வல்லவர் ஒருவர் இருப்பார். பெயர் வெளியே தெரியாக் கவிஞர் இருப்பார். அவர்களிடம் செல்லுங்கள். பணிவோடு அமர்ந்து கேளுங்கள். இப்படம் உலகின் எந்த மூலைக்கும் செல்லும், வணிகத்துக்கும் பயன்படும், திரும்பப் பெற இயலாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் இசைந்தால் எடுங்கள். இசையாவிடில் வணங்கி விடைபெறுங்கள். எடுத்தவர் பெயர், எடுத்த நாள், இடம், உரிமம் ஆகிய நான்கையும் பிழையின்றி எழுதுங்கள்.

பழைய கோயில் கல்வெட்டு, பள்ளிவாசல் மினாரா, பாழடையும் நூலகக் கட்டடம், ஆற்றங்கரை மண்டபம் என நம்மைச் சுற்றியுள்ளவை எத்தனை! அவற்றையும் மழைக்கு முன்னரே படமாக்கி வையுங்கள். நம் துறை மாணவர் கொடுத்தவை இதுவரை சிலவே. அவை ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பெயர் இருக்கின்றது. பெயர் தெரியாப் புலவர்க்கும் பெயர் சூட்டி வைத்த மரபில் வந்த நாம், பெயர் தெரிந்தவரின் பெயரை மறவாதிருப்போமாக.